புத்தகத்தை அனுப்ப வேண்டியவர் நீங்கள் இல்லை: கனடாவின் ஆளுநர் நாயகம் இலக்கிய விருதுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு வெளிவந்த ஆண்டு, ஒக்டோபரில் ஒரு நாள் காலை விருதின் இறுதிப் பட்டியல் வந்தது. வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடியே பார்த்தேன். என் பெயர் இல்லை. அதில் வருத்தமொன்றும் இல்லை, முதல் புத்தகம்தானே. மரியாதைக்காகப் பதிப்பாளருக்கு இரண்டு வரி எழுதினேன்: “பரவாயில்லை, அடுத்த முறை பார்ப்போம்.” மத்தியானம் பதில் வந்தது. “உங்கள் புத்தகத்தை நாங்கள் அனுப்பவே இல்லையே. நீங்கள் கேட்கவில்லை.”

அவர் அனுப்பியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அக்கறையில்லை என்று அவர் நினைத்திருந்தார். அந்த ஆண்டு போனது போனதுதான். ஒரு புத்தகத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு; அடுத்த ஆண்டு அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இரண்டாவது புத்தகத்துக்கு ஒழுங்காக எல்லாம் செய்தோம். அதுவும் பட்டியலில் வரவில்லை. ஆனால் நடுவர்களின் மேசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த இடம் வரைக்கும் உங்கள் புத்தகமும் தவறாமல் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். எப்படி வெல்வது என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் இந்த நேரம் வேறு மாதிரிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன்.

விருதின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நடத்துவது கனடா கலை மன்றம். புனைவு, அபுனைவு, கவிதை, நாடகம், இளையோர் இலக்கியம் (உரைநடை), இளையோர் இலக்கியம் (படநூல்), மொழிபெயர்ப்பு என ஏழு பிரிவுகள். ஆங்கிலத்துக்கு ஏழு, பிரெஞ்சுக்கு ஏழு. ஆக ஆண்டுக்குப் பதினான்கு விருதுகள். வென்றவருக்கு 25,000 டொலர். வென்ற புத்தகத்தின் பதிப்பாளருக்கு அதை மக்களிடம் கொண்டுசெல்ல 3,000 டொலர். இறுதிப் பட்டியலில் நின்று வெல்லாதவர்களுக்கு ஆளுக்கு 1,000 டொலர்.

1. முதலில் உங்கள் குடியுரிமைக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்

எழுதியவர் கனடாக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். மாணவர் விசா, வேலை அனுமதி, முடிவுக்குக் காத்திருக்கும் அகதிக் கோரிக்கை ஆகியவை போதாது. ஆனால் கனடாவுக்குள்ளேயே வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடியுரிமை எடுத்த பிறகு லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருப்பவரும் தகுதியானவர்தான்.

வதிவிட அட்டை பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அட்டை காலாவதியாகிவிட்டால் உரிமையே போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அட்டை வேறு, உரிமை வேறு. அட்டை முடிவதனால் மட்டும் உரிமை முடிவதில்லை. இருந்தாலும் காட்டச் சொல்லும்போது பழைய அட்டையை நீட்டிக்கொண்டு விளக்கம் சொல்வதைவிடப் புதுப்பித்து வைத்திருப்பது நல்லது. உரிமை இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் புத்தகம் தயாராகிவிட்டது என்றால், வெளியீட்டைச் சில மாதங்கள் தள்ளிவைக்க முடியுமா என்று பதிப்பாளரிடம் கேளுங்கள். எழுதி முடித்த சூட்டில் இருப்பவருக்கு இந்த அறிவுரை கசக்கும். நான் சொன்ன ஒருவர் கேட்கவில்லை. புத்தகம் வந்து நான்கு மாதங்களுக்குப் பிறகுதான் அவருக்கு உரிமை கிடைத்தது.

நம்மவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது: பெயர். வதிவிட அட்டையில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். வங்கிக் கணக்கில் முன்னெழுத்தோடு ஒரு வடிவம் இருக்கும். புத்தக அட்டையில் புனைபெயர். ஊரில் வெளிவந்த பழைய தொகுப்பில் வேறொரு எழுத்துக்கூட்டல். எனக்கே மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருந்தன. ஒன்றில் ‘ஏ’ கூடுதலாக நின்றது. புத்தகம் அச்சுக்குப் போகுமுன்பே ஒரு தாளில் இரண்டு வரி எழுதிப் பதிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்: சட்டப்படியான பெயர் இது, புத்தகத்தில் வரும் பெயர் இது. இரண்டும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், விண்ணப்பம், காசோலை, நூலகப் பதிவு எல்லாவற்றிலும் பின்னால் வரும் தலைவலி போய்விடும்.

2. எந்த மொழி, எந்த மொழிபெயர்ப்பு

இந்த விருது ஆங்கிலப் புத்தகங்களுக்கும் பிரெஞ்சுப் புத்தகங்களுக்கும் மட்டும். தமிழில் எழுதிய நாவல் எவ்வளவு பெரிய நாவலாக இருந்தாலும் இந்த வாசலில் இடமில்லை. தமிழுக்கு ரொறன்ரோவிலேயே கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் இருக்கிறது, அதன் இயல் விருது இருக்கிறது. அது வேறு வழி, வேறு விதி.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் மொழிபெயர்ப்புப் பிரிவு. ஸ்காபரோவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன்னுடைய தமிழ் நாவலைப் பேத்தியைக் கொண்டு ஆங்கிலமாக்கி வைத்திருந்தார். “மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பிரிவே இருக்கிறதே பிள்ளை, பிறகென்ன?” என்று என்னைக் கேட்டார். இருக்கிறது, ஐயா. ஆனால் ஆங்கிலப் பக்கத்தில் அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த புத்தகங்களுக்கு. பிரெஞ்சுப் பக்கத்தில் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனவற்றுக்கு. மூல நூலும் கனடா எழுத்தாளருடையதாக இருக்க வேண்டும். தமிழிலிருந்து வரும் மொழிபெயர்ப்பு அந்தப் பிரிவுக்குள் வராது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த நாட்டின் வீடுகளில் எத்தனையோ மொழிகள் பேசப்படும்போது இரண்டே மொழிகளுக்கு இடையில்தான் மொழிபெயர்ப்பு என்பது எனக்கு உவப்பான விதி இல்லை. விதி இப்போதைக்கு அதுதான்.

தமிழில் எழுதியதை நீங்களே ஆங்கிலத்தில் புதிதாக எழுதியிருந்தால்? அது மொழிபெயர்ப்பா, புதுப் படைப்பா என்பதை நீங்களும் பதிப்பாளரும் உங்களுக்குள் முடிவுகட்ட வேண்டாம். கனடா கலை மன்றத்தில் இந்த விருதைக் கவனிக்கும் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கேள்வி கேட்டதற்காக யாரும் உங்களைக் குறித்து வைக்கப்போவதில்லை. பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

மொன்றியலில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல். அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்ற சட்டத்தால் வீட்டில் தமிழும் தாளில் பிரெஞ்சுமாக வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. நீங்கள் பிரெஞ்சில் எழுதினால் அதற்கும் இதே ஏழு பிரிவுகள், இதே பணம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் கவனிப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3. பதிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது

சொந்தமாக அச்சிட்ட புத்தகம் ஏற்கப்படாது. மின்வணிகத் தளத்தில் நீங்களே ஏற்றிய புத்தகமும் அப்படித்தான். விண்ணப்பிப்பவர் பதிப்பாளர், எழுத்தாளர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இந்த ஒரு வரி எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

இதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் நிறுவனங்கள் ‘விருதுத் தொகுப்பு’ என்று ஒன்றை விற்கின்றன. என் தோழி ஒருத்தியிடம் அட்டை வடிவமைப்பு, பிழைதிருத்தம், ‘தேசிய விருதுகளுக்கு அனுப்புதல்’ என்று மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய தொகை கேட்டார்கள். எந்தெந்த விருதுகள் என்று எழுத்தில் தரச் சொன்னாள். அதற்குப் பிறகு அழைப்பே வரவில்லை. அடையாளம் எளிது: உண்மையான பதிப்பாளர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் வாங்கமாட்டார். கவிதைக்கு முன்பணம் என்று சில நூறு டொலர் கிடைத்தால் அதுவே பெரிது. உரிமைத் தொகை விற்பனை விலையில் பத்து வீதத்தை ஒட்டி இருப்பது வழக்கம். ஆனால் பணம் ஓடும் திசை அவரிடமிருந்து உங்களை நோக்கித்தான் இருக்க வேண்டும்.

பெரிய பதிப்பகம் வேண்டும் என்பதில்லை. கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் இறுதிப் பட்டியல்களை எடுத்து, உங்கள் பிரிவுக்கு எதிரே உள்ள பதிப்பகப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மாலை நேர வேலை. கவிதையிலும் நாடகத்திலும் சின்னப் பதிப்பகங்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அந்தத் தாள்தான் நீங்கள் கையெழுத்துப் பிரதியை அனுப்ப வேண்டிய முகவரிப் பட்டியல். தெற்காசியப் புலம்பெயர் எழுத்துக்கு ரொறன்ரோவிலேயே மவென்சி ஹவுஸ் போன்ற பதிப்பகங்களும் உண்டு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எம். ஜி. வாசன்ஜி 2009இல் அபுனைவுப் பிரிவில் இதே விருதை வாங்கியவர். நம் தீவிலிருந்து வந்த மைக்கேல் ஒண்டாச்சி ஐந்து முறை வாங்கியிருக்கிறார். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தரமாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதற்குமேல் பதில் வேண்டாம்.

காலக்கணக்கையும் மனதில் வையுங்கள். கையெழுத்துப் பிரதிக்குப் பதில் வர ஆறு மாதம், சில வேளை ஒரு வருடம். ஏற்றுக்கொண்ட பிறகு அச்சாகி வர இன்னும் ஒன்றிலிருந்து இரண்டு வருடம். நான் முதல் பிரதியை அனுப்பியபோது மகள் பாலர் வகுப்பில் இருந்தாள். புத்தகம் கைக்கு வந்தபோது இரண்டாம் வகுப்பு.

4. ஒப்பந்தத்தில் ஒரு வரி

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில்தான் உங்கள் பேச்சுக்கு அதிக எடை இருக்கும். அன்றைக்குப் பாதித் தமிழர்கள் செய்வதையே நானும் செய்தேன்: ‘நம்மைப் போடுகிறார்களே, அதுவே பெரிது’ என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கேட்பது அவமரியாதை இல்லை. புத்தகத்தை எந்தெந்த விருதுகளுக்குச் சமர்ப்பிப்போம் என்ற பட்டியலை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகத் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் சேர்க்கத் தயங்கினால் மின்னஞ்சலிலாவது வாங்குங்கள். சின்னப் பதிப்பகங்களில் இரண்டு மூன்று பேர்தான் வேலை செய்வார்கள். அவர்களுக்கு எல்லா விருதும் நினைவில் இருக்காது. சில விருதுகளில் ஒரு பதிப்பகம் இத்தனை புத்தகங்கள்தான் அனுப்பலாம் என்ற எல்லையும் உண்டு. கேட்கிற எழுத்தாளரின் புத்தகம் முதலில் நினைவுக்கு வரும். அவ்வளவுதான் உலகம்.

இரண்டாவது புத்தகத்தின்போது நான் எழுதிய மின்னஞ்சலின் சாரம் இது. ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். இந்தப் புத்தகத்தை ஆளுநர் நாயகம் இலக்கிய விருதின் கவிதைப் பிரிவுக்கு நீங்கள் சமர்ப்பிப்பீர்களா? இந்த ஆண்டுக்கான கடைசித் தேதி எது, என்னிடமிருந்து என்ன ஆவணம் வேண்டும் என்று சொன்னால் ஒரு வாரத்துக்குள் தந்துவிடுகிறேன். சமர்ப்பித்த பிறகு ஒரு வரியில் உறுதிப்படுத்தினால் நன்றியுடையவளாவேன்.”

மூன்று வாக்கியங்களுக்கும் காரணம் உண்டு. முதலாவது, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வைக்கும். இரண்டாவது, ‘நீங்கள் ஆவணம் தரவில்லை’ என்ற சாக்கை எடுத்துவிடும். மூன்றாவதுதான் முக்கியம். ‘அனுப்புகிறோம்’ என்ற பதிலோடு திருப்திப்பட்டுக் கிடக்காதீர்கள். ‘அனுப்பிவிட்டோம்’ என்ற பதில் வரும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாக நினைவூட்டுங்கள்.

5. வெளியீட்டுத் தேதியும் பிரிவும்

ஆண்டு என்றால் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது என்று எண்ணாதீர்கள். பட்டியல் ஒக்டோபரிலேயே வந்துவிடுகிறது. அப்படியானால் நவம்பரில் வெளிவரும் புத்தகம் அந்த ஆண்டின் கணக்கில் எப்படிச் சேரும்? எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வெளியான புத்தகங்கள் இந்த முறைக்கு என்பதைக் கனடா கலை மன்றத்தின் இணையத்தளத்தில் அந்தந்த ஆண்டு வழிகாட்டுதல் சொல்லும். அதை ஆண்டுதோறும் புதிதாகப் படிக்க வேண்டும். போன வருடம் அனுப்பிய நண்பர் சொன்ன தேதியை நம்பி இருக்காதீர்கள்; இந்தக் கட்டுரையையும் தேதிக்காக நம்பாதீர்கள். அதனால்தான் நான் தேதி எழுதவில்லை.

எல்லைக்கு அருகில் உங்கள் புத்தகம் விழுகிறதா என்று பாருங்கள். ‘வசந்தத்தில் வரும்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அச்சகத்தில் தாள் தட்டுப்பாடு, அட்டையில் ஒரு பிழை, ஆசிரியருக்குக் காய்ச்சல் என்று கோடைக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போவதில் தவறில்லை, எந்தப் பக்கம் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால். அரையும் குறையுமாக எல்லைக்குள் திணிப்பதைவிட அடுத்த முறைக்குள் நிதானமாக வருவதே மேல்.

பிரிவைப் பொறுத்தவரை நாவலும் சிறுகதைத் தொகுப்பும் ஒரே புனைவுப் பிரிவு. நினைவுக் குறிப்பு அபுனைவு. அகதி முகாமில் கழிந்த இளமையை எழுதிவிட்டு, பெயர்களை மாற்றி ‘நாவல்’ என்று போடுவதா, உள்ளபடியே ‘நினைவுகள்’ என்று போடுவதா என்ற கேள்வி நம்மில் பலருக்கு வரும். ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற பயமும் அதில் இருக்கும். அதை விருதுக்காகத் தீர்மானிக்காதீர்கள். ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் என்ன அச்சாகிறதோ அதன்படிதான் பிரிவும் அமையும் என்பதை அறிந்து தீர்மானியுங்கள். நாடகம் என்றால் மேடையேறினால் மட்டும் போதாது, புத்தகமாக வெளிவந்திருக்க வேண்டும்.

சிறுவர் படநூலில் எழுதியவர், வரைந்தவர் இருவருக்கும் சேர்த்தே பெருமை. ஆகவே செலவு குறைவு என்று யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள ஓவியரிடம் படம் வாங்குமுன், அவருடைய குடியுரிமையும் கேள்விக்கு வரும் என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் யாருக்கும் சங்கடம்.

6. காகிதங்கள்

இவற்றில் பெரும்பாலானவை பதிப்பாளரின் வேலை. என்றாலும் ஒவ்வொன்றும் நடந்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கனடாவில் பணம் கிடையாது. ஆங்கிலப் பதிப்பாளர்களுக்குக் கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் இலவசமாகத் தருகிறது, பிரெஞ்சுப் பதிப்பாளர்களுக்குக் கியூபெக் மாகாணத்தின் தேசிய நூலகம் தருகிறது. ‘எண் வாங்க இவ்வளவு’ என்று யாராவது பில் போட்டால், ஒன்று அவருக்கு விவரம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

சட்டப்படியான வைப்புப் பிரதிகள், அதாவது கனடா நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பதிப்பாளர் கொடுக்க வேண்டிய பிரதிகள், புத்தகம் வெளியான ஏழு நாட்களுக்குள் ஒட்டாவாவுக்குப் போக வேண்டும். நூறு பிரதிகளுக்குமேல் அச்சிட்டால் இரண்டு, நான்கிலிருந்து நூறு வரை என்றால் ஒன்று. விருதுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இதை மறக்கும் பதிப்பாளர் மற்றவற்றையும் மறப்பார் என்பது என் அனுபவம்.

விண்ணப்பம் கனடா கலை மன்றத்தின் இணையவாயில் வழியாகப் போகிறது. புதிய பதிப்பகம் என்றால் இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது: அந்த வாயிலில் கணக்குத் திறக்க, விண்ணப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது முப்பது நாட்கள் முன்பே பதிவு செய்யச் சொல்கிறார்கள். கடைசி வாரத்தில் கணக்குத் திறக்கலாம் என்று இருந்தால் கதை முடிந்தது. உங்கள் பதிப்பாளர் முதன்முறையாக அனுப்புகிறவர் என்றால், ‘கணக்கு இருக்கிறதா?’ என்ற கேள்வியை முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: குடியுரிமைச் சான்று அல்லது வதிவிட அட்டையின் நகல், நான் மேலே சொன்ன இரு பெயர்த் தாள், நூறு சொற்களில் ஒரு தன்குறிப்பு, அச்சுத் தரத்தில் ஒரு படம், புத்தகம் எதைப் பற்றியது என்று ஐந்து வரி. தன்குறிப்பில் ஊரில் வாங்கிய பொன்னாடைகளை எல்லாம் அடுக்க வேண்டாம். எங்கே பிறந்தீர்கள், எங்கே இருக்கிறீர்கள், என்ன எழுதியிருக்கிறீர்கள், போதும்.

7. செலவு

எழுத்தாளருக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. புத்தகப் பிரதிகள் கேட்டால் கொடுப்பது பதிப்பாளர். தபால் செலவும் அவருடையது. ‘பிரதிகளின் விலையை நீங்கள் ஏற்க வேண்டும்’ என்று என் முதல் பதிப்பாளர் ஒருமுறை சாடையாகச் சொன்னார். நான் எழுத்தாளர் விலைக்கழிவில் ஏற்கனவே நாற்பது பிரதிகள் வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தேன். அவற்றில் சிலவற்றைத் தந்து அந்தப் பேச்சை முடித்தேன். நீங்கள் அதையும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு செலவை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நடுவர் யாராக இருக்கும் என்று ஊகித்து, கையெழுத்திட்ட பிரதியை வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. புத்தகத்தோடு ஒரு பெட்டி இனிப்பும் போகும். இங்கே நடுவர்கள் உங்களைப் போன்ற எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஓவியர்கள். சக கலைஞர்களின் குழு. யாரையாவது தெரிந்திருந்தால் அவரே அந்த ஆண்டு உங்கள் புத்தகத்தைப் பற்றிய பேச்சிலிருந்து ஒதுங்க வேண்டிய நிலை வரும். அன்பளிப்பால் கெடுதல்தான்.

8. காத்திருக்கும் மாதங்கள்

இறுதிப் பட்டியல் வழக்கமாக ஒக்டோபரில், பிரிவுக்கு ஐந்து புத்தகங்கள். வென்றவர்கள் நவம்பரில். விழா ஒட்டாவாவில், ஆளுநர் நாயகத்தின் இல்லமான ரிடோ ஹோலில். பெருந்தொற்றுக் காலத்தில் 2020ஆம் ஆண்டின் விருதுகள் 2021 ஜூனில்தான் அறிவிக்கப்பட்டன. ஆக மாதங்களும் கல்லில் வெட்டியவை அல்ல.

பட்டியலில் இல்லையென்றால் உங்களுக்குத் தனியே கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு எதுவும் வரவில்லை. ஏன் தெரிவாகவில்லை என்று எழுதிக் கேட்க நினைத்தேன். வரைவு இன்னும் பெட்டியில் கிடக்கிறது. கேட்காததற்கு இப்போது மகிழ்ச்சி.

விருது வந்துவிட்டால் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலைச் சாதனைக்காகப் பொதுவெளியில் அறியப்பட்ட பரிசுகளுக்கு வருமான வரியிலிருந்து விலக்கு அளிக்கும் விதி கனடாவில் இருக்கிறது. உரிமைத் தொகை வருமானத்துக்கு அந்த விலக்கு இல்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடாமல், வரிக் கணக்குப் போடுகிறவரிடம் பிரித்துச் சொல்லுங்கள். ‘புத்தகக் காசு’ என்று மொத்தமாகச் சொன்னால் அவர் மொத்தமாகத்தான் போடுவார்.

9. இதற்கிடையில் கட்டாயம் செய்ய வேண்டியது

ஒன்ராரியோவில் இருப்பவர்கள் ட்ரிலியம் புத்தக விருதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். அதுவும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் உண்டு, 20,000 டொலர். மாகாணத்தில் எத்தனை ஆண்டுகள் வசித்தீர்கள் என்பதைப் பார்ப்பார்கள் என்பதால், புதிதாக இடம்பெயர்ந்து வந்தவர்கள் அதை முதலில் சரிபாருங்கள்.

அதைவிட முக்கியமானது நூலக இரவல் உரிமைத் திட்டம். பொது நூலகங்களில் உங்கள் புத்தகம் இருந்தால், அதற்காக ஆண்டுக்கு ஒரு முறை எழுத்தாளருக்குக் காசோலை வரும். இதற்கு நடுவரும் இல்லை, போட்டியும் இல்லை. குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருந்தால் போதும். புத்தகத்தில் குறைந்தது 48 பக்கம் இருக்க வேண்டும். சிறுவர் நூல் என்றால் 24. பதிவு பெப்ரவரி 15இலிருந்து மே 1 வரை மட்டும். இதைப் பதிப்பாளர் செய்யமாட்டார், நீங்களே செய்ய வேண்டும். புத்தகம் வெளிவந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும் என்பதால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று விடாதீர்கள்.

விருதுக்கு அனுப்பப்படாத அந்த முதல் தொகுப்பை நான் ஏப்ரல் கடைசியில் பதிந்தேன். அடுத்த பெப்ரவரியில் இருநூற்றுச் சொச்சம் டொலர் வந்தது. அந்தச் சனிக்கிழமை மோர்னிங்சைட் பக்கம் போய் வீட்டில் ஐந்து பேரும் கொத்துரொட்டி சாப்பிட்டோம். மீதியில் இரண்டாவது புத்தகத்துக்கு அச்சுப்பொறி மை வாங்கினேன்.